ஏழாம் வீட்டில் இன்சாட்

நாகவல்லியின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது ஒரு செயற்கைக்கோள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்தான். அவளுக்கு வந்தது ஆத்திரம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், மின்விசிறிக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. கூட வேலை பார்த்த வேப்பம்பட்டு கோவிந்தராஜுக்கு அவளைப் பிடித்துப்போனது. அவளுக்கும்தான். அவனுடைய அம்மா அங்கம்மா தட்டோடு நாகவல்லியின் ஊரான பாரிவாக்கத்துக்கு வந்து முறையாகப் பெண் கேட்டுவிட்டுப் போனாள். நாகவல்லிக்கு அம்மா இல்லை. இருப்பது அப்பா வேம்புலி ஒருவர்தான், பஞ்சாயத்து மோட்டார் ரூமில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். மறுப்பு ஒன்றும் சொல்லாமல், ஜாதகத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று பூந்தமல்லி துலுக்கானம் ஜோசியரிடம் கிளம்பினார். கூடவே அவளையும் அழைத்துப் போனார்.

அது எண்பத்திரண்டாம் வருஷம். இன்சாட் என்று ஒன்றை அமெரிக்காவிலிருந்து மேலே அனுப்பியிருக்கிறார்கள், அது ஆகாயத்தில் ஒரே இடத்தில் நிற்கும், இனிமேல் ஊருக்கு ஊர் டெலிபோனும் டெலிவிஷனும்தான் என்று பேப்பர்காரர்கள் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். துலுக்கானமும் பேப்பர் படிக்கிறவர். படித்துத் தொலைத்ததால் வந்த கேடு இது. ஒன்பது கிரகத்தையும் கட்டத்தில் போட்டு முடித்தவர், கல்யாணத்துக்கு உரிய ஏழாம் வீட்டில் பத்தாவதாக இன்சாட்டையும் எழுதினார்.

“சனி ரெண்டரை வருசத்துல எய்ந்து பூடும், வேம்புலி. இது எய்ந்திருக்காது. நிக்கறதுக்குன்னே உட்டது. ஏழாம் ஊட்டு வாசல்ல குந்திகினு கீது.”

“எம்மா நாளுக்கு, அண்ணாத்தே?”

“ஏழு வருசம் தாங்கும்னு சர்க்காரே சொல்லுது.”

நாகவல்லிக்கு அப்போதே இருபத்தாறு முடிந்திருந்தது.

“ஆகாசத்துல டெலிபோன் கம்பம் நட்டா எனுக்கு இன்னா சோசியரே?” என்றாள். “ஊர்ல கீற அத்தினி பொண்ணுங்க தலைக்கு மேலயும்தானே அது நிக்குது?”

“உன் ஜாதகத்துக்குத்தான் ஆவாது,” என்றார் துலுக்கானம். பேப்பர் படிக்கிற ஜோசியரிடம் யார் வாதாடுவது? பரிகாரம் ஒன்றும் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமைதோறும் அவள் வாசலில் நின்று இன்சாட்டுக்குக் கற்பூரம் காட்டினாள். எந்தப் பக்கம் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாததால் நாலு பக்கமும் காட்டினாள். தெருவில் போன பஸ்ஸும் இரண்டு முறை ஆரத்தி வாங்கிக்கொண்டு போனது.

அங்கம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நேரில் வந்து சொன்னாள். “ஐப்பசில தாலி ஏறலன்னா எம்புள்ளைக்கு வேற எடம் பாத்துடுவேன். ராக்கெட்டுக்கெல்லாம் காத்துகினு கீற வயசு எனுக்கு இல்ல.” பக்கத்தில் நின்ற கோவிந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆவணியில் இன்சாட் செத்துப்போனது. எரிபொருள் தீர்ந்துவிட்டது, கைவிட்டுவிட்டோம் என்று ரேடியோவில் சொன்னார்கள். தேசமே கவலையில் கிடக்க, பாரிவாக்கத்தில் ஒரு வீட்டில் மட்டும் சேமியா பாயசம் கொதித்தது.

“இன்னாடி விசேஷம்?” என்று எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள்.

“சர்க்காருக்குப் பெரிய நஷ்டம்க்கா. இந்தா, ஒரு டம்ளர் குடி.”

துலுக்கானம் விடுகிற ஆளா? “செத்துச்சு, சரி. கீய உயுந்துச்சா? பொணம் அங்கியேதானே கீது? தீட்டு,” என்றார். தீட்டுக் கழிய வேண்டுமென்றால் பதினாறாம் நாள் காரியம் செய்தாக வேண்டுமாம்.

செய்தார்கள். ஏரிக்கரையில் வாழை இலை, எள், பச்சரிசிப் பிண்டம், எல்லாம் குறைவில்லாமல் இருந்தது. மாப்பிள்ளை என்ற முறையில் கோவிந்தராஜும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றான். காரியம் செய்துவைக்க வந்த ஐயர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

“செத்தவர் பேரு?”

“இன்சாட்,” என்றார் வேம்புலி.

“தகப்பனார்?”

வேம்புலி கொஞ்சம் யோசித்தார். “இந்திய சர்க்கார்.”

“கொள்ளி வெச்சது யாரு?”

“இன்னும் வெக்கல சாமி. மேலயே கீது.”

ஐயர் தொழிலில் எவ்வளவோ பார்த்தவர், அசரவில்லை. “சரி. அவருக்கு நீர் என்ன உறவு?”

சாதாரணக் கேள்விதான். வேம்புலி வாயைத் திறந்தார். கையில் எள்ளை வைத்துக்கொண்டே விசும்பத் தொடங்கியவர், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“உறவு இன்னா சாமி உறவு. அதுதான் எம்பொண்ண என் ஊட்டோட நிறுத்தி வெச்சிகினு இருந்துச்சு. நாந்தான் சோசியராண்ட போயி, எதுனா ஒரு தோசம் சொல்லுன்னு கெஞ்சினேன். அவ பூட்டா எனுக்கு யாரு கீறாங்க?”

கூட வந்திருந்த துலுக்கானம், ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அடப்பாவி மனுஷா என்று இருந்தது நாகவல்லிக்கு. காட்டிய கற்பூரமெல்லாம் நெஞ்சில் எரிந்தது. திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் அம்மா செத்தபோதுகூட இந்த மனுஷன் இப்படி அழுது அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே நைனா. உன்னியும் இட்டுகினுதான் வருவேன்னு இவராண்ட மொதல்லியே சொல்லிட்டேன்.”

கோவிந்தராஜ் தலையாட்டினான்.

“பொண்ணு குட்த்த ஊட்டுல போயி குந்தறதா? நாலு பேரு இன்னா பேசுவாங்க?” வேம்புலி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஐயரைப் பார்த்தார். “சாமி, அடுத்தது எப்ப உடறாங்களாம்?”

“அடுத்த வருஷம்னு பேப்பர்ல போட்டிருக்கு.”

“அதுக்குள்ள உனுக்குப் பேரப்புள்ள பொறந்துடும்,” என்றாள் நாகவல்லி. “நானும் அவரும் வேலைக்குப் பூட்டா அத யாரு தூக்கி வெச்சிகினு இருப்பா? அதுக்கும் இன்சாட்டா வரும்? தண்ணிய எறைச்சிட்டு எய்ந்து வா, நைனா.”

வேம்புலி இறைத்தார்.