சாவு வீட்டில் ஒரு கை குறைந்தது

சாவு வீட்டில் சீட்டாடும் வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களை நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் எனக்கு. பிணம் கிடக்கும் வீட்டில் கண் விழித்திருக்கத்தான் ஆட்டமாம். சரி, ராத்திரிக்கு அந்த நியாயம் செல்லும். பட்டப்பகலில் எதற்கு? கேட்டால், "சாவு வூட்டு ஆட்டம் சூதுல சேராதுப்பா" என்பார்கள். எங்கள் ஜனம் முழுக்க அப்படித்தான் நம்புகிறது. நானும் வெகுநாள் நம்பினவன்தான்.

என் மாமியார் ஜீவனஹள்ளி வீட்டில் ஒரு காலை நேரத்தில் செத்துப்போனார். துபாயில் வேலை செய்யும் மைத்துனன் வந்த பிறகுதான் எடுக்க முடியும், மறுநாள் ஆகும் என்றார்கள். ஐஸ் பெட்டி வந்தது. தெருவை அடைத்து ஷாமியானா போட்டார்கள். மத்தியானம் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்த சோற்றைத் தின்று முடித்ததும், ஆம்பளைகள் ஒரு பாயை விரித்து ரம்மி ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். சீட்டில் சொந்த ஆட்டோவையே விட்டவன். முதலில் கிளப்பில் ஆடினேன், அப்புறம் போனில், கடைசியில் கக்கூசில் உட்கார்ந்துகூட ஆடினேன். இப்போது அடுத்தவர் வண்டியை ஷிப்டுக்கு எடுத்து ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விவேக் நகரில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் அறைக்குப் போவேன். என்னைப் போல ஆடிக் கெட்டவர்கள் ஆட்டத்தை விடுவதற்காகக் கூடுகிற இடம் அது. தமிழ், கன்னடம், உருது என்று ஆளுக்கொரு பாஷையில் பேசுவார்கள். கதை என்னவோ ஒன்றுதான்.

நான் ஆட்டத்தை விட்டபோது என் பெண்டாட்டி ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். "இன்னொரு தபா சீட்டத் தொட்டீன்னா, புள்ளைய இட்டுக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்." கத்தவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அதனால்தான் பயந்துபோனேன். அதற்கப்புறம் விரல் நமநமக்கும் போதெல்லாம், அவள் பையும் பிள்ளையுமாக ஜீவனஹள்ளி வாசலில் நிற்பதை நினைத்துக்கொள்வேன். அரிப்பு அடங்கிவிடும்.

அன்றைக்கு ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது? சீட்டுக்கட்டைக் கலைக்கிற சத்தம் கேட்டதும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. வெட்கங்கெட்ட உடம்பு. உள்ளே ஒப்பாரி நடக்கிறது, எனக்கு எச்சில் ஊறுகிறது.

என் மனைவியின் தாய்மாமா கூப்பிட்டார். செத்துப்போனவரின் சொந்தத் தம்பி. நல்ல மனுஷன், அன்றைக்கு அழுது அழுது குரலே போயிருந்தது அவருக்கு.

"மாப்ளே, ஒரு கை குறையுது. வா, குந்து."

"வேணாம் மாமா. நான் உட்டுட்டேன், உங்களுக்குத் தெரியுமே."

"அட, அது வேற, இது வேற. அக்காவுக்குக் காவல் குந்தறோம். வூட்டு மாப்ள நீ தள்ளிக் குந்தியிருந்தா பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

கெட்ட எண்ணமெல்லாம் இல்லை அவருக்கு. அதுதான் சிக்கல். கெட்ட எண்ணத்தோடு கூப்பிட்டிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிற வேலை என்று நன்றாகவே தெரியும். "டீ சொல்லிட்டு வரேன் மாமா" என்று எழுந்து தெருமுனைக்குப் போனேன்.

ஆசை வந்தால் ஒளித்துவைக்காதே, வாயைத் திறந்து யாரிடமாவது சொல்லிவிடு. அந்த ஞாயிற்றுக்கிழமை அறையில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அங்கே பழக்கமான ஒருவருக்கு போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அப்படியே எங்காவது போய்விடலாம் என்றால் அதுவும் முடியாது. பிணத்தை எடுப்பதற்கு முன்னால் மருமகன் நகர்ந்தால் ஊர் சிரிக்கும்.

அப்போதுதான் மனசு பேசியது. "இனிமே அவ எங்கடா போவா? போறதுக்கு இருந்த வூடு இன்னியோட முடிஞ்சுது."

மாமியார் உடம்பு பெட்டியில் கிடக்கிறது. நான் அந்தச் சாவில் எனக்கொரு வழி திறந்ததைப் பார்த்துவிட்டேன். இதைவிடக் கேவலமாக என் ஆயுசில் எதையும் நினைத்ததில்லை. கேவலம் என்று தெரிந்தும் கால் பாயைப் பார்த்துத்தான் நடந்தது. மாமா நகர்ந்து இடம் விட்டார். நான் செருப்பைக் கழற்றினேன்.

உட்காரவில்லை. எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. செருப்பைக் கழற்றின காலோடு வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். உள்ளே பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். ஆம்பளை என்றால் மாலையைப் போட்டோமா, வெளியே வந்தோமா என்று இருக்க வேண்டிய இடம். நான் எல்லோரையும் தாண்டிப் போய்ப் பெண்டாட்டி பக்கத்தில் குந்தினேன்.

"இன்னா?" என்றாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"வெளிய சீட்டு ஆடறாங்க. கூப்புடறாங்க. எனக்கு ஆடணும்போல இருக்குது."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாதியை முழுங்கினால் சொன்னதாக ஆகாது என்று பட்டது.

"உங்கம்மா பூட்டாங்க, இனிமே நீ எங்கயும் போவ முடியாதுன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அதையும் சொல்லிடறேன்."

தாயைப் பறிகொடுத்தவளிடம், அந்தத் தாயின் தலைமாட்டிலேயே இதைச் சொல்லலாமா? கூடாதுதான். ஆனால் சொல்லாமல் எழுந்திருந்தால் நேராகப் பாய்க்குத்தான் போயிருப்பேன்.

ஒப்பாரி ஒரு சுற்று ஓயும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு, அம்மா முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான் இன்னாத்துக்குப் போவணும்? இனிமே ஆடினா நீதான் போவணும். நானும் புள்ளையும் எங்க வூட்லயே இருப்போம்."

எனக்குப் போக்கிடம் எது? எனக்கு அப்பா அம்மா கிடையாது. ஆட்டோவில் பின்சீட்டில் படுக்கலாம் என்றால் அந்த ஆட்டோவும் என்னுடையதில்லை. அடிவயிற்றிலிருந்து அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் என் முதுகைத் தடவிக்கொண்டே மற்றவர்களிடம் சொன்னாள். "பாரு, பெத்த புள்ளையாட்டம் அழுவறாரு மருமவன்."

என் பெண்டாட்டி அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எழுந்திரிக்காத. இங்கயே குந்து" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் மைத்துனன் வந்து பெட்டியைத் திறக்கச் சொல்லும்வரை நான் அந்தப் பெண்களுக்கு நடுவில்தான் குந்தியிருந்தேன்.