பெரகலை இறக்கத்துக்காகக் கொட்டாஞ்சேனையில் தேடிய பிரேக்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருடம், ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தை ஸ்டேஷனில் கோட்டைக்கு ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு. சொந்தக் கார் வைத்திருப்பவன் ரயிலில் போவானேன் என்று கேட்பீர்கள். அந்தக் கார் ஓடும், நிற்காது. நின்றால்தான் வாகனம் என்பதை நான் அந்த வாரம்தான் கண்டுபிடித்தேன்.

எங்கள் ஒழுங்கை கடற்கரைக்கு இறங்கும் இடத்தில் ரயில் கேற் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அது மூடியிருந்தது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன், கைப்பிரேக்கை இழுத்தேன், முருகனைக் கூப்பிட்டேன். மூன்றும் ஒரே நேரத்தில் பிந்தி வேலை செய்தன. கார் கேற்றில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. காலிக்குப் போகும் ரயில் என் கண்ணாடிக்கு முன்னால் கடகடவென்று போய் முடியும்வரை நான் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தேனாம். ரயிலை விலகச் சொல்லி அடித்திருக்கிறேன் போலிருக்கிறது.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் என் மனைவியின் தம்பி சபேசன், அப்புத்தளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர், மாடிப்படியால் விழுந்து இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டோடு கிடந்தான். கட்டுக்குள் எலும்பு சீழ் பிடித்திருந்தது. அடுத்த வியாழக்கிழமை கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன்; பிந்தினால் கால் போகும், காலோடு நிற்குமென்றும் சொல்ல ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வளையாத மனிதனை ரயில் பெட்டிக்குள் எடுக்க ஒருதரம் முயன்றார்கள். அவன் கத்திய கத்தலில் கைவிட்டார்கள். முன் ஆசனம் ஒன்றைக் கழற்றிவிட்டு என் காரில் படுக்கவைத்துக் கொண்டுவருவது என்று குடும்பம் தீர்மானித்தது. அப்புத்தளையிலிருந்து பெரகலைச் சந்திக்கு ஆறு மைல், முழுவதும் இறக்கம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை.

என் காரின் பிரேக் கம்பிகளால் இழுபடுவது. அதே கொம்பனி இரண்டு வருடம் கழித்துச் செய்த காரில் எண்ணெய் பிரேக். அச்சு மட்டும் மாறவில்லை. ஆகவே அந்தக் காரின் நாலு சில்லுச் சாமானும் கிடைத்தால் என் காரில் பூட்டிவிடலாம் என்றார் வெள்ளவத்தை மெக்கானிக். என்னைப் போன்ற பயந்தவன் எதையும் அரைகுறையாகப் படிப்பதில்லை. மூன்று இரவு கொம்பனிப் புத்தகத்தைப் படித்து, பிஸ்கட் பெட்டி அட்டையில், சில்லுக்குள் பிரேக்கைத் தாங்கும் தட்டின் அளவை வட்டமாக வெட்டி, துளைகளும் போட்டு, சாக்கோடும் அளவு நாடாவோடும் புறப்பட்டேன்.

கோட்டையில் இறங்கி கிராண்ட்பாஸ் டிராமில் ஏறினேன். டிராமில் என் அட்டை வட்டத்தைப் பார்த்த ஒரு கிழவர், "தம்பி, இது சாதகமோ?" என்று கேட்டார். "ஓம் ஐயா, என்ரை சாதகம்தான்" என்றேன். அவர் ஓட்டைகளை எண்ணிப் பார்த்து, "நாலு கண்டம் இருக்கு" என்றார்.

ஆமர் வீதிச் சந்தியில் இறங்கிக் கொட்டாஞ்சேனைக்குள் நடந்தேன். கோவில் மணியும் தேவாலய மணியும் துறைமுகத்துச் சங்கும் ஒன்றையொன்று கேட்கவிடாமல் சத்தமிட்டுக்கொண்டிருந்தன. பழைய மோட்டார்ச் சாமான் வியாபாரி சாலி நானாவின் முற்றம் ஒரு சந்தின் முடிவில் இருந்தது. என் வயதுதான் அவருக்கும். சாரமும் தொப்பியும், காதில் பென்சிலும்.

"வாங்க தொரை. என்னத்துக்கு மொகம் வெளுத்தீக்கி?"

"பிரேக் வேணும் நானா."

"வண்டிக்கா, ஒங்களுக்கா?"

முற்றத்தில் இரும்பு மலை மலையாகக் கிடந்தது. முன்சில்லுச் சாமான் ஒரு குவியல், கியர்ப்பெட்டிகள் ஒரு குவியல். பின்சில்லுச் சாமான் எதுவும் இல்லை. "அது ஒருகொடவத்தைக் கொட்டில்ல ஈக்கி" என்றார் நானா. ஏன் இரண்டு இடத்தில் வைக்கிறார் என்று நான் கேட்கவில்லை. வெயிலில் குந்தியிருந்து தேடத் தொடங்கினேன்.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான். அதே கொம்பனியின் லொறிச் சாமானும் அதே வட்டம், அதே கறுப்பு. ஆனால் லொறித் தட்டில் என் அட்டையின் துளைகள் அரை அங்குலம் தள்ளி நிற்கும். வார்ப்பில் உள்ள இலக்கம் ஒற்றையில் முடிந்தால் இடது, இரட்டையில் முடிந்தால் வலது. எண்ணெய் உருளையின் பருமன் முன்சில்லுக்குக் கூட, பின்சில்லுக்குக் குறைவு. நாலையும் ஒரே பருமனில் பூட்டினால் இறக்கத்தில் பின்சில்லு முதலில் இறுகிக் கார் தன் வாலைத் தானே பார்க்கத் திரும்பும். துருவைச் சுரண்டிச் சுரண்டி ஒரு மணித்தியாலத்தில் இடதும் வலதும் எடுத்துவிட்டேன். இரண்டின் விளிம்பிலும் உளியால் வெட்டிய அடையாளம் இருந்தது. ஒன்றில் ஒரு வெட்டு, மற்றதில் இரண்டு. கழற்றிய சில்லு மாறாதிருக்க மெக்கானிக்மார் போடும் அடையாளம் அது.

"மூண்டும் நாலும் எங்கை நானா?"

நானா பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி வைத்தார். "நாலும் ஒரே வண்டில வேணுமெண்டு சட்டமா?"

"ஒரே வண்டியெண்டால் ஒரே தேய்மானம். நான் பயந்தாங்கொள்ளி."

அவருடைய லொறியிலேயே ஒருகொடவத்தைக்குப் போனோம். இரண்டு மைல் இருக்கும். தகரக் கொட்டிலுக்குள் சதுப்பு நிலத்து நாற்றம். பின்சில்லுக் குவியலின் அடியில் மூன்று வெட்டுத் தட்டைக் கண்டபோது சின்னப் பிள்ளைபோல் கத்தினேன். நாலாவது ஒரு பழைய பீப்பாய்க்குள் தனியே கிடந்தது. எண்ணெய் பிரேக்கின் தலைமை உருளை கூரையில் தொங்கியது. எல்லாவற்றையும் நிலத்தில் சில்லு இருக்கும் ஒழுங்கிலேயே பரப்பி வைத்து எழுந்து நின்றேன். பரீட்சையில் முதலாவதாக வந்தவனின் முகம் எனக்கு.

பிறகுதான் பார்த்தேன். நாலு தட்டிலும் ஒரே மஞ்சள்சிவப்பு மண் அப்பியிருந்தது. கொழும்பு மண் இல்லை. இரண்டாம் தட்டுக்குள் மலைநாட்டு மானாப் புல் திருகித் திருகி இறுகியிருந்தது.

நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "ரெண்டு கெழமையா நான் பிரிச்சுப் பிரிச்சுப் போட்ட வண்டி, தொரை. காலையில வந்து மொத்தமாச் சேத்துட்டீங்களே."

"ஏன் பிரிச்சனீங்கள்?"

"ஆள் செத்த மவுத்து வண்டிச் சாமான் ஒண்டா கெடந்தா ஒருத்தன் தொடமாட்டான். எல்லாக் கடையிலயும் இப்பிடித்தான். முன்பக்கம் ஒரு எடம், பின்பக்கம் ஒரு எடம். பிரிஞ்சா அது வெறும் இரும்பு."

"எங்கை விழுந்தது?"

"கேக்காதீங்க."

"நானா."

"பெரகலைக்கு மேல. மூணு பேர். அதுல ஒரு பொம்புளையும்."

நான் அங்கிருந்த கியர்ப்பெட்டியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்காக எழுதுவது. உண்மையில் விழுந்தேன். ஓடிவிடலாம் என்று பார்த்தால் வழி முழுவதும் இரும்பு. "முழுங்கத் தண்ணி தாங்கோ" என்று சொல்ல வந்தேன். "முகத்தை மூடுங்கோ" என்று வாயில் வந்தது. நானா சிரிக்கவில்லை.

"இதை விட்டா இந்தக் கொழும்பில ஒங்கட வண்டிக்கு வேற இல்ல" என்றார். "நீங்க எடுங்கண்டு செல்லல்ல. உள்ளதச் சென்னேன்."

சபேசனின் கால் அங்கே மலையில் சீழில் ஊறிக்கொண்டிருந்தது. வேறு காரும் இல்லை, வாடகைக் காருக்குப் பெற்றோல் கூப்பனும் இல்லை. பிரேக் குற்றவாளியா இல்லையா என்பதை அறியாமல் வீட்டுக்குப் போக எனக்கு வழியில்லை. "நட்டுக் கழட்டுற சாவி தாங்கோ" என்றேன்.

தலைமை உருளையைத் திறந்தேன். உள்ளே இருந்த ரப்பர் கிண்ணம் தயிரில் ஊறிய வடைபோல் வீங்கியிருந்தது. விரலில் தொட்டு மணந்தேன்: இயந்திர எண்ணெய். பிரேக்குக்கு உரிய எண்ணெய் ஆமணக்கில் செய்வது. யுத்த காலத்தில் அது கிடைக்காதபோது ஆரோ கைக்கெட்டியதை ஊற்றியிருக்கிறான். ரப்பர் வீங்கி, மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே போய், சில்லு பழுக்கக் காய்ந்து, கடைசியில் பிடிக்கவேண்டிய வளைவில் பிடிக்கவில்லை. பிரேக்கை மூடிச் சில்லோடு சுழலும் இரும்புத் தொட்டிகளில் முன் இரண்டும் உள்ளே சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. சாவியால் தட்டிப் பார்த்தேன். நல்ல தொட்டி மணிபோல் கேட்கும். மூன்று கேட்டன. இரண்டாம் இலக்கத்துத் தொட்டி பொத்தென்றது, வெடிப்பு.

"இரும்பு செய்யேல்லை நானா. எண்ணெய்தான் செய்தது."

"அந்த மூணு பேருக்கும் ரெண்டும் ஒண்டுதான்" என்றார் அவர்.

வெடித்த தொட்டிக்குப் பதில் வேறொரு காரின் தொட்டியைக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து முப்பத்தைந்து ரூபாய். பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தேன். பழைய ரப்பர் முழுவதையும் அங்கேயே வெட்டி எறிந்தேன். பஞ்சிகாவத்தையில் புது ரப்பரும் முத்திரை உடையாத எண்ணெய் டின்னும் வாங்கிக்கொண்டு இருட்டுமுன் வீடு சேர்ந்தேன்.

மனைவி சாக்கைத் திறந்து பார்த்தாள். "ஆரின்ரை காரிலை இருந்தது உது?"

"கொட்டாஞ்சேனையிலை ஒரு பாதிரியாரின்ரை. நடக்கிற வேகத்திலைதான் ஓடுவாராம்."

"அப்ப நல்லது" என்று மண்ணைத் துடைக்கத் துணி எடுத்துவந்தாள். துணியை அவள் கையிலிருந்து வாங்கி, நானே துடைத்தேன்.

மெக்கானிக் இரண்டு நாளில் பூட்டி முடித்தார். செவ்வாய்க்கிழமை அப்புத்தளைக்கு ஏறினேன். ஏறுவதற்குப் பிரேக் தேவையில்லை என்பதால் பயணத்தின் அந்தப் பாதியைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. புதன் காலை, பனி விலகியதும், சபேசனைப் பலகையோடு தூக்கிக் காருக்குள் நீட்டினார்கள். அவன் தலை பின் ஆசனத்தில், பாதம் எனக்குப் பக்கத்தில். காய்ச்சல். மாவுக்கட்டிலிருந்து வந்த மணத்துக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டேன். அவனுக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது.

பெரகலைக்கு ஒரு மைல் மேலே வீதியோரச் சுவர் ஒரு கார் அகலத்துக்கு உடைந்து போயிருந்தது. இரண்டு தார்ப்பீப்பாய் நிறுத்திக் கயிறு கட்டியிருந்தார்கள். கீழே மானாப் புல்லில் ஒரு நேர்க்கோடு இறங்கிப் போய், புல் முடிந்த இடத்தில் முடிந்தது. வெள்ளவத்தையில் பிரேக் பிடிக்காவிட்டால் கேற்காரனின் ஏச்சோடு போகும். இங்கே ஏசக்கூட ஆளில்லை.

நான் மிதித்தேன். கார் கயிற்றுக்கு ஐந்து அடி இப்பால் நின்றது. காலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஏன் அத்தான் நிப்பாட்டினனீங்கள்?" என்று பின்னாலிருந்து சபேசன் கேட்டான்.

"நிக்குதோ எண்டு பார்த்தனான்."

"நிக்குதே?"

"ஓம். நிக்குது."

"அப்ப போங்கோ அத்தான். நோகுது."