வாசலுக்குக் கீழே ஒரு தாழி

காலை 7.40. திருநெல்வேலி சந்திப்பில் இறங்கியபோது மிச்சிகோ அம்மையார் முதலில் கேட்டது, "ஆறு எந்தப் பக்கம்?" என்று. கை காட்டினேன். அந்தத் திசை நோக்கித் தலை தாழ்த்திவிட்டுத்தான் பெட்டியைக் கையில் எடுத்தார்.

எழுபத்து மூன்று வயது. ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷுவில் ஒரு சிறு நகரம். பேருந்து நிறுவனத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், உள்ளூர் அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாத வழிகாட்டி. அங்கே தோண்டியெடுத்த ஈமத்தாழிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்குவார். நம் ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் படத்தை எங்கோ பார்த்துவிட்டு, நேரில் பார்க்காமல் சாகக்கூடாது என்று கிளம்பி வந்துவிட்டார். நான் சென்னையில் பத்தொன்பது ஆண்டுகளாக ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். தொழிற்சாலைக் கூட்டங்களில் நட்டு, போல்ட்டு, தாமதம், மன்னிப்பு இவற்றைத்தான் மொழிபெயர்த்திருக்கிறேன். செத்தவர்களைப் பற்றிப் பேச வந்தது இதுவே முதல் முறை.

9.15. பாளையங்கோட்டையில் சிற்றுண்டி முடித்து வாடகைக் காரில் ஏறினோம். நாள் முழுவதற்கும் 2,800 ரூபாய். ஓட்டுநர் சாமுவேல் அண்ணாச்சி, ஐம்பது வயதுக்காரர். திருச்செந்தூர் சாலையில் செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டினால் ஆதிச்சநல்லூர். சுமார் இருபத்து நான்கு கிலோமீட்டர். இடப்பக்கம் வாழையும் நெல்லும் விட்டு விட்டு வந்தன. திடீரென்று பச்சை நின்றுபோய், செம்மண் மேடு தொடங்கியது.

"இதாம்மா பரம்பு. இங்கன எங்க தோண்டுனாலும் பானைதான். ஆடு மேய்க்கவன்கூட இதுல உக்கார மாட்டான்" என்றார் அண்ணாச்சி.

10.20. தோண்டிய குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். காலுக்கடியில் தாழிகள். மிச்சிகோ கண்ணாடியில் கால் வைக்கவில்லை. ஓரத்திலேயே மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"எங்கள் பக்கம் இரண்டு தாழிகளை வாயோடு வாய் வைத்து, உள்ளே ஆளை மடக்கி வைப்பார்கள்" என்றார். "அதற்கும் முன்னால், ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் நாட்டின் கிழக்கே மலைப்பகுதிகளில் வேறொரு வழக்கம் இருந்தது. வீட்டு வாசலுக்கு அடியில் சின்னத் தாழி புதைப்பார்கள். உள்ளே இறந்த சிசு இருந்தது என்பார் சிலர், நஞ்சுக்கொடி என்பார் சிலர். தாய் தினமும் அதைத் தாண்டி நடப்பாள். தாண்டத் தாண்டப் பிள்ளை அவள் வயிற்றுக்கே திரும்பி வருமாம்."

பிறகு சொன்னார்: "நஞ்சுக்கொடியை வாசலில் புதைப்பது நான் பிறந்த காலம்வரை கிராமங்களில் இருந்தது. அதை முதலில் தாண்டுபவருக்குப் பிள்ளை அஞ்சி நடக்கும். அதனால் அப்பாதான் முதலில் தாண்ட வேண்டும். பாம்பு தாண்டிவிட்டால் ஆயுள் முழுக்கப் பாம்புக்குப் பயம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

12.05. மிச்சிகோவுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. சாமுவேல் அண்ணாச்சி பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தமக்குத் தெரிந்த பரமசிவன் என்பவரின் வீட்டு முன்னால் காரை நிறுத்தினார். ஊர்ப் பெயர் வேண்டாம். பரமசிவன் சுமை ஆட்டோ ஓட்டுபவர். வீட்டில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. வாசற்படியைப் பெயர்த்துக் குழியாக்கி, மேலே ஒரு பலகை போட்டிருந்தார்கள்.

மிச்சிகோ பலகையில் ஒரு காலை வைத்தார். அப்படியே நின்றார். கை கதவு நிலையைப் பற்றிக்கொண்டது.

"யாரோ தட்டுகிறார்கள்" என்றார், ஜப்பானிய மொழியில், மெதுவாக. "மூன்று முறை."

"கொத்தனார் வேலை செய்வார்" என்றேன். திரும்பிப் பார்த்தேன். கொத்தனார் வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

மிச்சிகோ உள்ளே போனதும், பரமசிவனின் மனைவி இசக்கியம்மாள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். முப்பது வயதிருக்கும். வயிறு சற்றே மேடிட்டிருந்தது.

"அந்த அம்மா ஏன்க்கா வாசல்ல நின்னாவ?"

"பலகை ஆடுச்சு போல."

"இல்லக்கா." குரலைத் தாழ்த்தினாள். "அவியளுக்கும் கேட்டுட்டு. உச்சிப்பொழுதுக்கு மூணு தட்டு தட்டும். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. இவுககிட்ட சொன்னா என்னைய ஒரு மாதிரி பாக்காவ."

கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். மிச்சிகோவுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. இசக்கிக்கு அவர் சொன்னது புரிந்திருக்க வழியில்லை. இரண்டும் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

அவளே சொன்னாள். மூன்று முறை கரு தங்காமல் போனது. ஆறு மாதத்துக்கு முன்பு படியை மாற்றத் தோண்டியபோது ஒரு தாழியின் வாய் தெரிந்தது. வேலை அப்படியே நின்றது. அன்றிலிருந்து தினமும் அதைத் தாண்டித்தான் போய் வருகிறாள். அடுத்த மாதமே தங்கிய கருவுக்கு இப்போது ஐந்தாம் மாதம்.

"இன்னைக்கு அத எடுத்துரணும்னு கொத்தனார கூட்டியாந்துட்டாவ. எடுத்தா இதும் போயிருமோன்னு இருக்குக்கா."

காலையில் கண்ணாடித் தளத்தின் ஓரத்தில் கேட்ட கதையை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எனக்கும் ஒருமுறை ஐந்தாம் மாதம்வரை வந்தது. அதற்குப் பிறகு இல்லை.

12.40. மிச்சிகோ வெளியே வந்தார். பழைய தாழிகளைப் பற்றித் தெரிந்தவர் என்று சாமுவேல் அண்ணாச்சி சொல்லியிருப்பார் போலும், பரமசிவன் பலகையை நகர்த்திக் காட்டினார். கறுப்பும் சிவப்புமாக ஒரு வாய், ஒரு சாண் அகலம். மேலே மூடி. பெரியவர்களுக்கான தாழி இல்லை. மிச்சிகோ இசக்கியைப் பார்த்துத் தலை தாழ்த்தி அனுமதி கேட்டு, பின்பு குனிந்தார். தொடவில்லை.

"புள்ளத்தாச்சி இருக்க வீட்ல இது இருக்கலாமா, எடுத்துரலாமான்னு கேளுங்க" என்றார் பரமசிவன். அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. கேட்டேன்.

மிச்சிகோ தாழியின் மூடியை மறுபடி பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்றார்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"பிள்ளை பிறந்து வீட்டுக்கு வர்றவரைக்கும் அசைக்க வேண்டாம்ங்கறாங்க. தாண்டிப் போகலாம், வரலாம். மிதிக்க மட்டும் கூடாது. அப்புறம் தொல்லியல் துறைக்கு முறையா தகவல் சொல்லி எடுக்கச் சொல்லலாம்ங்கறாங்க" என்றேன்.

பரமசிவன் வேப்பமரத்தடிப் பக்கம் திரும்பினார். "அப்பம் சரி. கொத்தனாரே, வாசல விட்டுட்டு அடுப்படியப் பாரும்வே."

இசக்கி பலகையைத் திரும்ப இழுத்துப் போட்டு, சேலையை லேசாகத் தூக்கிக்கொண்டு, பைய உள்ளே தாண்டிப் போனாள்.

1.10. ஏரல்வரை போய் ஆற்றில் கால் நனைப்பதாகத் திட்டம். மிச்சிகோ திரும்பிவிடலாம் என்றார். காரில் சிறிது தூரம் போனபின் சொன்னார்: "நான் சொன்னது மிகச் சின்ன வாக்கியம். நீங்கள் சொன்னது நீளமாக இருந்தது."

ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கும் அதைத்தான் சொல்லத் தோன்றியது. தெரியாததைச் சொல்ல வழிகாட்டிக்கு உரிமை இல்லை. அதனால் சொல்லவில்லை."

சாமுவேல் அண்ணாச்சி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "நாங்க வேதக்காரங்க, இதுலல்லாம் நம்பிக்க கிடையாது. ஆனா அந்த வீட்டுக்குள்ள நான் இன்னைவரைக்கும் போனதில்ல. வெளிய நின்னுதான் கூப்பிடுவேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். "தெரியல" என்றார்.

மாசி மாதம், சாமுவேல் அண்ணாச்சியிடம் என் எண்ணை வாங்கி, இசக்கி அழைத்தாள். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. நான் கேட்கத் தயங்கியதை அவளே சொன்னாள்.

"சத்தம் நின்னுட்டுக்கா. பிள்ளைய வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த அன்னையிலருந்து இல்ல."

அதன் பிறகு தகவல் சொல்லி, ஆட்கள் வந்து தாழியைப் பக்குவமாக எடுத்தார்களாம். மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. சலித்தது போன்ற ஆற்று மணல் மட்டும்.

மிச்சிகோவுக்கு எழுதினேன். "எங்கள் தாழிகளிலும் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. எலும்பை மண் தின்றுவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். அது உண்மைதான்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் அவர் எழுதவில்லை.

சென்னையில் என் வீடு ஆறாவது மாடியில். வாசலுக்குக் கீழே இருப்பது ஐந்தாம் மாடிக்காரர்களின் கூடம். மண் இல்லை. எதையும் புதைக்க இடமில்லை. வேலையில்லாத நாட்களில், மணி பன்னிரண்டு ஆகும்போது, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் வாசல் பக்கம் நிற்கிறேன்.