மயிலாப்பூர் வாசலில் தொங்கிய குப்பை

எழும்பூரில் வண்டி நின்றபோது காலை ஏழரை மணி. 1974, மார்ச் மாதம். திருநெல்வேலியிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்ததில் எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்து போயிருந்தது. கையில் ஒரு துணிப்பை, இரண்டு கிலோ கருப்பட்டி வைத்த ஓலைப்பெட்டி. விழுப்புரத்திலேயே பெட்டிக்குள் எறும்பும் டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டது.

சென்னைக்குப் போனவர்கள் கடற்கரையையும், உயிர்க் காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலையையும், செத்த காலேஜ் என்கிற மியூசியத்தையும் பார்த்துவிட்டு வந்து எழுதுவார்கள். நான் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்க்கப் போனது என் தங்கை சுந்தரியின் வீட்டு வாசலை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி வார்டு சிஸ்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக வருத்தமும் இல்லை. கண்ணில் ஒட்டடை பட்டால் கை சும்மா இருக்காது. கால் ஓரிடத்தில் நிற்காது. சுந்தரியின் வீட்டுக்காரர் மாணிக்கம் தாலுகா ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, வடபழனியில் சினிமா ஸ்டுடியோவில் லைட்மேனாகச் சேர்ந்தபோது, "விளக்குப் பிடிக்கிறவனை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். "இனிமே என் வாசல்ல வந்து நிக்காதே" என்று அவள் சொன்னாள். ஐந்து வருஷம் பேச்சு இல்லை. நான் கேட்டது சரியான கேள்விதான் என்று இன்றைக்கும் சொல்வேன். சர்க்கார் வேலை சர்க்கார் வேலைதான்.

அந்தச் சுந்தரியிடமிருந்துதான் கார்டு வந்தது. "அக்கா, லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ." அவ்வளவே. வருகிறேன் என்று நான் பதில் போடவில்லை. போட்டால் இதற்காகவே காத்துக் கிடந்த மாதிரி ஆகிவிடுமே! (காத்துத்தான் கிடந்தேன். அது வேறு விஷயம்.) போய்ச் சேருகிற அன்றைக்கே சாயங்கால வண்டிக்குத் திரும்பு டிக்கெட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். மரியாதை ஒரு அங்குலம் குறைந்தாலும் கிளம்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

காலை எட்டரை மணி. எழும்பூரிலிருந்து மயிலாப்பூர் மந்தைவெளிக்கு ஆறேழு கிலோமீட்டர்; பஸ்ஸில் இருபத்தைந்து பைசா. வீடு சந்தின் முனையில் இருந்தது. கம்பிக் கேட், அதற்கு ஒரு தூண், தூணில் மணிக்கான பொத்தான். பொத்தானிலிருந்து ஒரு ஒயர் தலைக்கு மேலாக வராந்தாச் சுவருக்குப் போனது. அந்த ஒயரில் ஒரு கைப்பிடி குப்பை தொங்கியது. ஒட்டடை, சருகுத் துண்டு, மரப்பட்டைத் தூள், பஞ்சு, எவனோ கிழித்துப் போட்ட பஸ் டிக்கெட் எல்லாம் சேர்ந்த ஒரு பொட்டலம். வாசலில் கோலம் இல்லை. "விடிந்து இத்தனை நேரமாகியும் பெண்பிள்ளை வாசல் தெளிக்கவில்லையே" என்று என் வார்டு மூளை குறித்துக்கொண்டது.

பொத்தானை அழுத்தினேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் நிழல் ஒன்று போயிற்று. மறுபடி அழுத்தினேன். யாரும் வரவில்லை. தெருவில் நின்று கூப்பாடு போடுவது எனக்குப் பழக்கமில்லை. மூன்றாவது தடவையும் அழுத்திவிட்டு, நிற்கிற நேரத்தில் அந்தக் குப்பையையாவது எடுத்துப் போடலாம் என்று அதன் கீழே வால் மாதிரித் தொங்கிய இழையைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் கையோடு வந்தது. மிச்சத்தையும் பிடுங்கக் கை தூக்கிய அதே சமயம், ஜன்னல் திரை சரக்கென்று இழுத்து மூடப்பட்டது.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தூக்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. வரச்சொல்லிக் கார்டு போட்டுவிட்டு, வந்தவளைப் பார்த்துத் திரையை மூடுகிறாளா? ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

காலை பத்து மணி. வண்டிக்கு இன்னும் முழுப் பகல் இருந்தது. கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி தியாகராய நகரில் இறங்கினேன். பனகல் பார்க்கில் ஒரு பெஞ்சு நிழலாக இருந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், வேறு பெஞ்சில் உட்கார்ந்தேன், அங்கேயும் பொருந்தவில்லை. நாற்பது பைசாவுக்குக் காபி குடித்தேன். அது காபியா வெந்நீரா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து வாங்குகிற எண்ணமே இல்லாமல் ஏழு புடவைகளைப் பிரிக்க வைத்தேன். கடைக்காரர் நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர். என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"அம்மா பாளையங்கோட்டையா? இங்க சொந்தக்காரவுக வீட்டுக்கு வந்தியளா?"

"சொந்தக்காரவுக யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பாண்டி பஜாரில் ஆயிரம் பேர் நடக்க, நானும் போக இடம் இருக்கிறவள் போல வேகமாக நடந்தேன். பிறகு மறுபடி ஒரு பஸ். அது அடையாற்றில் கொண்டு விட்டது.

பிற்பகல் இரண்டு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. போதும், எழும்பூருக்கே போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிடலாம் என்று ஆட்டோ தேடினேன். ஒரு பங்களாவின் செம்பருத்தி வேலியோரம் ஆட்டோ ஒன்று நின்றது. டிரைவர் பின்சீட்டில் காலை வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய வண்டியின் பக்கக் கண்ணாடியோடு ஒரு குருவி சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். தொண்டை ஊதா, வயிறு மஞ்சள், வளைந்த ஊசி மூக்கு. தேன்சிட்டு. கண்ணாடியின் மேல் உட்காரும், குனிந்து பார்க்கும், உள்ளே இன்னொருவன் இருப்பதைக் கண்டு பாயும், டொக் டொக்கென்று கொத்தும். களைத்து விளிம்பில் உட்காரும். மறுபடி குனிந்து பார்க்கும். நான் ஒரு முழத் தூரத்தில் நிற்பதை அது சட்டை செய்யவே இல்லை.

டிரைவர் கண்ணைத் திறந்தார். "இன்னா மேடம், வேடிக்க பாத்துக்கினு கீறியா? இது டெய்லி கத. அந்தக் கண்ணாடியில எவனோ இத்த முறைக்கிறான்னு நெனச்சிக்கினு கீது."

எழுந்து வந்து, கழுத்தில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் கண்ணாடியின் மேல் போர்த்தினார். குருவி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. எதிரியைக் காணோம். சரி என்று செம்பருத்திக்குப் போய்விட்டது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஓர் அமெரிக்கக் காலண்டரில், அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் சிட்டின் படம் பார்த்திருக்கிறேன். நம்மூர்ச் சிட்டுக்கு அந்த வித்தை முழுசாக வராது. ஒரு விநாடி சிறகடித்து நின்று பார்த்துவிட்டு, வம்பு எதற்கு என்று காம்பைப் பற்றிக்கொண்டது. காலையிலிருந்து அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

"எதுக்கு இந்தக் கோபம் அதுக்கு?" என்று கேட்டேன்.

"பொண்டாட்டி குஞ்சு பொரிச்சிருக்குதே! தோ பாரு, அதான் அத்தோட வூடு."

அவர் காட்டிய இடத்தில், வேலிக் கிளையில், ஒரு கைப்பிடி குப்பை தொங்கியது. ஒட்டடை, சருகு, மரப்பட்டைத் தூள். பக்கத்தில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மேல் தாழ்வாரம் போல ஒரு சிறு கூரை, கீழே வால் போல இழை. உள்ளிருந்து இரண்டு குட்டி மூக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன.

கையோடு வந்த அந்த இழை!

"ஏன்ப்பா, கூட்டைக் கொஞ்சம் இழுத்துட்டா என்ன ஆகும்?"

"ஐய, தொட்டுட்டியா? மனுசன் கை பட்டுச்சின்னா தாய் திரும்பியே பாக்காது மேடம். குஞ்சு அவ்ளோதான்." பிறகு என் முகத்தையும் பையையும் பார்த்துவிட்டு, "எக்மோர்தானே?" என்றார்.

"இல்லை. மந்தைவெளி. சீக்கிரம் போ."

நன்றாகக் கவனியுங்கள், தங்கைக்காக நான் திரும்பவில்லை. குருவிக்காகத் திரும்பினேன். அப்படித்தான் அடையாற்றுப் பாலம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பிறந்த குழந்தைகளைத் தினமும் தூக்குகிற கை இது. இந்தக் கையால் இரண்டு குஞ்சு செத்தால் நான் என்ன செய்வேன்? மீட்டரில் ஓடிய நம்பர்கூடக் கண்ணில் பதியவில்லை.

மூன்று மணிக்குக் கேட் முன்னால் நின்றேன். கூடு அறுந்து விழவில்லை. ஆனால் அசைவும் இல்லை, சத்தமும் இல்லை. பொத்தானைத் தொடவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். தாய் வரவில்லை. அப்போது பக்கத்துச் சந்திலிருந்து, காய்கறிப் பையோடு, சுந்தரி வந்தாள். இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் கண் விரிந்தது, வாய் திறந்தது. ஆனால் உடனே உதட்டில் விரலை வைத்தாள்.

ஐந்து வருஷம் கழித்து என் தங்கை என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "உஷ்."

கையைப் பிடித்து என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள். பிடித்த கையை விடவில்லை. இருவரும் சுவரோடு ஒட்டி நின்றோம். பழுப்பும் மஞ்சளுமாக ஒரு பெட்டைச் சிட்டு ஒயரில் வந்து உட்கார்ந்தது. வாயில் ஒரு சிலந்தி. தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது, பிறகு கூட்டுக்குத் தாவியது. உள்ளேயிருந்து கீச்சென்று இரண்டு வாய்கள் திறந்தன. ஆட்டோக்காரர் சொன்னது சுத்தப் பொய்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அது குருவிக்காகத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எப்பக்கா வந்தே?" என்று காதுக்குள் கேட்டாள்.

"காலையிலேயே. மூணு தடவை மணி அடிச்சேன். நீ திரையை மூடுனே."

"ஐயோ, மணி எங்கக்கா அடிக்கும்? அடிச்சா குருவி பயந்து ஓடுதுன்னு, அது கூடு கட்டின அன்னைக்கே அவுக கனெக்‌ஷனைப் பிடுங்கிட்டாக. வாசல்லகூட யாரும் நடமாடுறதில்ல, எல்லாரும் பின்வாசல்தான். ஜன்னல்ல ஆள் அசைஞ்சாலும் அது கூட்டுக்குள்ள வராது. அதுக்குத்தான் திரை. தூணுக்கு இந்தப் பக்கம் நீ நின்னது எனக்குத் தெரியவே தெரியாது. வர்றேன்னு ஒரு கார்டு போட்டிருக்கலாம்லா?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவள் திரையை மூடியிருக்காவிட்டால் நான் கூட்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருப்பேன். என் கோபம் உருப்படியாகச் செய்த காரியம் வாழ்க்கையிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மாலை ஆறு மணி. அந்த வீட்டில் எல்லாமே தணிந்த குரலில்தான். பழைய கதையை எடுக்காமல் இருக்க எங்களால் முடியுமா? எடுத்தோம். "நாலு பேர் முன்னால அப்படிக் கேட்டியே" என்று அவள் கிசுகிசுத்தாள். "வாசல்ல நிக்காதேன்னியே" என்று நானும் கிசுகிசுத்தேன். ரகசியக் குரலில் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நடக்காது. மூன்றாவது வாக்கியத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது.

மாணிக்கம் பின்வாசல் வழியாக வந்தார். "வாங்க மைனி" என்றார், நேற்றுதான் பார்த்த மாதிரி. குருவிக்காக வராந்தா பல்பைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுகிறவர் வீட்டு வாசல் இருட்டாகக் கிடந்தது. அந்த இருட்டில் உட்கார்ந்து மூன்று பேரும் கருப்பட்டிக் காபி குடித்தோம், எறும்பை ஊதிவிட்டு. எழும்பூரில் என் வண்டி நான் இல்லாமல் கிளம்பியிருக்கும்.

தந்தி அடித்து லீவை நீட்டினேன். குஞ்சுகள் பறந்த காலையில் நாங்கள் மூன்று பேரும் திரைக்குப் பின்னால் நின்றோம். ஒன்று கூட்டின் கூரையில் ஏறி ஒயருக்குத் தாவி, அங்கிருந்து முருங்கைக்குப் போயிற்று. மற்றது மதியம் வரை யோசித்தது. வாசலுக்கு வர ஐந்து வருஷம் யோசித்த என் ஜாதி அது என்று மாணிக்கம் கேலி செய்தார்.

மறுநாள் மாலை நான் கிளம்பினேன். ஐந்து வருஷத்தில் எத்தனையோ ஊருக்குப் போய் வந்திருக்கிறேன். எந்த ஊரிலிருந்து கிளம்பும்போதும் கால் முந்திக்கொண்டு போகும். இந்தத் தடவை செருப்பு மாட்டவே நேரமாயிற்று. பாளையங்கோட்டைக் குவார்ட்டர்ஸில் என் வாசல் சுத்தமாக இருக்கும். ஒட்டடை இருக்காது, குருவியும் இருக்காது. தட்டுவதற்கும் யாரும் வருவதில்லை. அதை நினைக்கும்போது வேதனையாக இருந்தது.

மாணிக்கம் ஸ்டூல் போட்டு ஏறி ஒயரைச் சேர்த்துக்கொண்டிருந்தார். காலிக் கூடு தொங்கியது. என் கை துருதுருத்தது, அடக்கிக்கொண்டேன்.

"அக்கா, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அடிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுச் சுந்தரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பையும் கையுமாகக் கேட்டுக்கு வெளியே நின்று பொத்தானை அழுத்தினேன். மணி கணகணவென்று தெருவுக்கே கேட்டது. நான் விரலை எடுப்பதற்குள் கதவு திறந்தது.

"யாரு?"

"நான்தான்."

"வாக்கா" என்றாள்.