தறி லீவு

முழு உடல் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும், இன்று செல்போன் கடையாகிவிட்ட ஆரணி கிளினிக்கின் மர பெஞ்சுக்கே போய்விட்டேன். ஊரில் எத்தனையோ டாக்டர்கள் இருக்க, நெசவாளியான அப்பா அந்த கிளினிக் டாக்டரைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரே காரணம், தறியெல்லாம் ஓய்ந்திருக்கும் அமாவாசையன்றும் அவர் கிளினிக்கைத் திறந்ததுதான். மற்ற நாளில் காய்ச்சல் வந்தால் அது அமாவாசைவரை காத்திருக்க வேண்டும். அமாவாசையன்றோ, நோயே இல்லாதவர்களும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து பெஞ்சு கொள்ளாமல் உட்கார்ந்திருப்போம்.

“உடம்புக்கு என்னய்யா?” என்பார் டாக்டர்.

“ஒண்ணும் இல்லைங்க. இன்னிக்குத் தறி லீவு, அப்டியே பாத்துகினு போலாம்னு வந்தேன்” என்று அப்பா சட்டையைத் தூக்குவார். அவருடைய சர்க்கரை நோய் முற்றுவதற்குள் பிடிபட்டது அப்படியொரு அமாவாசையில்தான்.

“என்ன பண்ணுதுங்க?” என்று இப்போது பரிசோதிக்க வந்த இந்தப் புது டாக்டர் கேட்டார். ஒருநாளும் தறியில் உட்காராத நான், “ஒண்ணும் இல்லைங்க, இன்னிக்குத் தறி லீவு” என்றேன்.