ரேடார் கண்ணில் படாத விமானம்

அந்த நகரத்தில் பாதிப் பேரின் சிரிப்பு அவள் கைவேலை. மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் பல்செட்டை வார்த்து, அரைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். டாக்டர் பட்டம் கிடையாது. ஆனாலும் எல்லாருக்கும் அவள் பல்டாக்டர்தான்.

அந்தப் பல்டாக்டர், கணவரின் காரைத் தெருவில் நிறுத்தச் சொல்லிவிட்டு, கார் ஷெட்டுக்குள் வருடக்கணக்காக ஒரு விமானம் கட்டினாள். இரண்டு பேர் உட்காரலாம். உடம்பு முழுக்கக் கண்ணாடியிழையும் பிசினும்தான். பிசின் வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வயரிங் எல்லாம் கொழுந்தன் பொறுப்பு. கடைகளுக்கு விளக்குப் பலகை மாட்டும் எலக்ட்ரீஷியன் அவன்.

ஊர் ஓரத்துச் சின்ன ஓடுதளத்திலிருந்து விமானம் அழகாகப் பறந்தது. அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒரு தாளால். நகரத்தின் பெரிய விமான நிலையத்துக்கான வான் எல்லையை விரிவாக்குகிறார்கள். இந்த ஓடுதளமும் அதற்குள் வருகிறது. அடுத்த மாதம் முதல் டிரான்ஸ்பாண்டர் இல்லாத எதுவும் இங்கிருந்து கிளம்பக் கூடாது. 'யார் நீ, எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய்?' என்று தரையிலிருந்து ரேடார் கேட்டால், விமானத்திலிருந்து பதில் சொல்லும் பெட்டி அது. பதில் வராத விமானத்தின் இறக்கையைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, அரைநாள் தூரத்தில் இருக்கும் வேறொரு தளத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். குவிந்து கிடக்கும் பல்செட் வேலைக்கு நடுவே அவ்வளவு தூரம் யார் போவது? போனால் வருடத்துக்கு ஒரு தரம் பறப்பாள். அதற்குப் பேர் பறப்பதா?

பெட்டி வாங்கும் பேச்சு வந்தபோதே வீட்டில் சண்டை.

"அண்ணி, பெரிய ஸ்கிரீன் வச்சதையே எடுப்போம். பார்க்கவே கெத்தா இருக்கும்."

"பார்க்கப் போறது ரேடார்தானே தம்பி? நீயா பார்க்கப் போற?"

கடையில் ஸ்கிரீன் இல்லாத சின்னப் பெட்டி ஒன்றும் இருந்தது. அவள் இரண்டு பெட்டிகளின் அளவையும் எடுத்து, பல் அச்சு வார்க்கும் மாவிலேயே இரண்டு பொம்மைப் பெட்டிகளை வார்த்தாள். திருகு, பட்டன் உட்பட. விமானத்தின் முகப்பில் பொருத்திப் பார்த்தால், பெரியது அவள் முழங்காலில் இடித்தது. போதாததற்கு மின்சாரமும் நிறையக் குடிக்கும். அவர்களுடைய சின்ன எஞ்சினுக்கு அது தாங்காது. சின்னப் பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. உயரத்தை அளந்து சொல்லும் கருவியும் அதற்குள்ளேயே இருந்தது. அதையே வாங்கினாள். கொழுந்தன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

முதல் சோதனைக்குக் கிளம்பினாள். மேலே போனதும் ரேடியோவில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பெண் குரல் கேட்டது.

"எங்கம்மா இருக்கீங்க?"

"ஓடுதளத்துக்கு நேர் மேல."

"இப்ப தெரியுது... இல்ல, போயிடுச்சு. திரும்புங்க. ம்... வந்துச்சு. மறுபடி காணோம்."

ரேடாருக்குப் பதில் போகும்போதெல்லாம் சிமிட்ட வேண்டிய பதில் விளக்கு, பெட்டியில் எப்போதாவது ஒரு தரம் சிமிட்டியது. இறங்கி வந்தபோது பக்கத்து ஷெட்டின் டயர் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரிடமும் ஒரு குட்டி விமானம் இருந்தது. அதைவிடப் பெரிய வாய் இருந்தது.

"என்ன டாக்டரம்மா, ரேடாருக்குக் கண்ணு தெரியலையா? பல்லைக் கட்டுற மாதிரி பிளேனைக் கட்டினா அப்படித்தான்!"

"உங்க டயரை மாட்டினா மட்டும் தெரிஞ்சிடுமா அண்ணே?" என்றான் கொழுந்தன்.

வாய் பெரிதானாலும் மனசு சின்னதில்லை. தன்னிடம் உபரியாக இருந்த அதே வகைப் பெட்டியை அவரே கழுவித் துடைக்காத குறையாகக் கொண்டுவந்து கொடுத்தார். மாட்டிப் பறந்தாள். அதே கண்ணாமூச்சி. ஆக, பெட்டி குற்றவாளி இல்லை. பெட்டியிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளை மாற்றினார்கள். அப்போதும் அதேதான். மாதமோ முடியப் போகிறது. கோபுரத்தில் இன்னும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் ஒதுக்குவார்கள்.

"பேசாம பெரிய ஸ்கிரீன் செட்டையே வாங்கிடலாம் அண்ணி. அன்னைக்கே சொன்னேன்."

"பல்செட் ஆடுதுன்னு ஒருத்தர் வந்தா உடனே பல்லையா மாத்துவேன்? ஈறுல எப்படி உட்காருதுன்னுல்ல பார்ப்பேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

விமானத்தின் வயிற்றில் விரல் நீளத்துக்கு ஆன்டெனா தொங்குகிறது. அது ஒழுங்காகப் பேச, காலுக்கடியில் அகலமான உலோகத் தளம் வேண்டும். உலோக விமானத்தில் உடம்பே தளம். இது பிசின் உடம்பு; அதனால் உள்பக்கம் செப்புத் தகடு ஒட்டி, அதன் நடுவில் ஆன்டெனாவை நட்டுப் போட்டு இறுக்கியிருந்தாள். தகட்டின் மேல் விரலை ஓட்டினாள். வழுவழுவென்று, ஈரமான பல் மாதிரி.

செம்பு இப்படி வழுக்காதே!

கொழுந்தன் மீட்டரை எடுத்து ஒரு முனையைத் தகட்டிலும் மறு முனையை நட்டிலும் வைத்தான். தொடர்பு இருந்தால் கத்தும் மீட்டர், மௌன விரதம் இருந்தது.

"தகட்டு மேல யாரு பிசின் பூசி மெருகு போட்டது?"

"உன் அண்ணிதான்," என்றாள் அவள். "வாய்க்குள்ள வைக்கிற எதுவும் சொரசொரப்பா இருக்கக் கூடாதுன்னு கை அதுவா பூசிடுச்சு. ஓட்டை விளிம்பைக்கூட விடல."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சீட்டுக்கடியில் தலை இடிபட இடிபடச் சிரித்தாள். ஊரே மெச்சிய அந்த மெருகுதான் ஆன்டெனாவின் காலைச் செம்பில் பட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பல்செட் தேய்க்கும் சின்ன அரவை மெஷினை எடுத்துவந்து, நட்டு உட்காரும் இடத்தைச் சுற்றி, செம்பு சிவந்து தெரியும்வரை சுரண்டினாள். இறுக்கினார்கள். மீட்டர் ஷெட்டே அதிரக் கத்தியது.

கடைசிச் சோதனையன்று டயர்க்காரரும் வந்து நின்றார். அவள் மேலே போனாள். பதில் விளக்கு நிற்காமல் சிமிட்டியது.

"தெரியுது," என்றது கோபுரம். "ஆயிரத்து இருநூறு அடி. சரியா?"

"சரி."

"இடது பக்கம் ஒரு முழு வட்டம் போடுங்க."

போட்டாள்.

"வலது பக்கம்."

அதையும் போட்டாள். ஒரு முறைகூட மறையவில்லை.

"உங்களுக்கு அனுமதி உண்டும்மா. அடுத்த மாசமும் இங்கிருந்தே கிளம்பலாம்," என்ற குரல், அவளை விட்டுவிட்டு வேறு யாரையோ கூப்பிட்டது. மலைபோல ஒரு பயணிகள் விமானம், தூரத்தில் இறங்க வந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் கவனிங்க. உங்களுக்கு வலது பக்கம் கீழ ஒரு சின்ன விமானம். பார்த்துக்கிட்டே வாங்க."

"பார்த்துட்டோம்," என்றார் அந்தப் பெரிய விமானத்தின் பைலட். "வெள்ளை வெளேர்னு பளபளன்னு இருக்கே! யாருது?"

ரேடியோவில் தேவையில்லாமல் பேசக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பட்டனை அழுத்தினாள்.

"என்னுது," என்றாள்.

கீழே கொழுந்தன் இரண்டு கையையும் ஆட்டி இறங்கி வரச் சொன்னான். அவள் ஆற்றுப் பக்கமாக இன்னொரு பெரிய வட்டத்துக்கு இறக்கையைச் சாய்த்தாள்.