முப்பத்திரண்டு விளக்கு, நாலு ரெசிஸ்டர்

மூன்று வாரம் முன்பு, கிட் அனுப்பிய கடைக்காரரோடு சண்டை போட ஃபோனைக் கையில் எடுத்துவிட்டேன்.

பின்னே? பெட்டியைப் பிரித்து மேஜையில் கொட்டி எண்ணினால், எல்.இ.டி. விளக்குகள் முப்பத்திரண்டு. அவற்றுக்கான ரெசிஸ்டர்கள் வெறும் நாலு! விளக்கு கருகிவிடாமல் கரண்ட்டை அளந்து விடுகிற குட்டிச் சாமான்தான் ரெசிஸ்டர். ஒரு விளக்குக்கு ஒன்று என்பது என் பள்ளிக்கூட ஞானம். மீதி இருபத்தெட்டு எங்கே?

“ஃபோனைக் கீழ வைங்கண்ணா. நாலே போதும்” என்றாள் மேகலா.

மேகலா என் தங்கை. திருச்செங்கோட்டில் கீபோர்டு டீச்சர்... டீச்சராக இருந்தவள். நாலு வருடம் முன்பு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது காது இரண்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது உதடு பார்த்துப் புரிந்துகொள்கிறாள். புரியாததை ஃபோனில் டைப் செய்து காட்டுவோம். கீபோர்டுக்கு அன்றைக்குப் போட்ட உறையை அப்புறம் எடுக்கவே இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு எதற்கு, உதிரிச் சாமான்களை நாமே பற்றவைத்துச் செய்கிற இந்தச் சிந்தசைசர் இசைப்பெட்டி கிட்?

அவளிடம் படித்த பிரியாதான் காரணம். பிரியாவுக்கு வளைகாப்பு. “நீங்க வாசிச்சாத்தான் மிஸ் வளையல் போட்டுக்குவேன்” என்று எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள். மேகலா ஒரு வாரம் ஃபோனும் கையுமாக இருந்தாள். பிறகு இந்தக் கிட்டைத் தேடிப் பிடித்தாள். ஸ்வரங்களை வரிசையாகப் பதித்து வைத்தால் மெஷின் அதையே சுற்றிச் சுற்றி வாசிக்கும். ஸ்வரம் இருக்கிற இடங்களில் விளக்குகள் எரியும். இப்போது எந்த இடம் ஒலிக்கிறது என்று ஒரு வெளிச்சம் ஓடிக் காட்டும். அதைப் பார்த்தபடி மேலே அவள் விரலால் வாசிக்கலாம். தாளத்தைக் கண்ணால் பிடிப்பது!

சால்டரிங் என் வேலை. கணக்கு அவள் வேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, விரலில் ஒரு கொப்புளம். ஸ்விட்சைப் போட்டால்... எரிந்தது. சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள், அவ்வளவு மங்கல். வளைகாப்போ ஜேடர்பாளையத்தில், காலை பதினோரு மணிக்கு, மூன்று பக்கமும் ஜன்னல் வைத்த மண்டபத்தில். அந்த வெயிலில் எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

“ஏன் கண்ணு, விளக்கு இப்படி அழுது வடியுது?” என்றேன்.

மேகலா ஜன்னலைச் சாத்தினாள். போர்டை எடுத்து என் மூக்குக்கு முன்னால் விசிறி மாதிரி வீசினாள். “பாருங்கண்ணா.”

கோடாக இழுபட வேண்டிய வெளிச்சம், புள்ளி புள்ளியாக அறுந்து தெரிந்தது. இன்னொரு முறை வீசச் சொன்னேன். இன்னொரு முறை!

“எல்லாம் ஒண்ணா எரியறதில்லீங்கண்ணா. நாலு நாலா எட்டு வரிசை. ஒண்ணு எரிஞ்சு அணையும், அடுத்தது எரியும். கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள பல சுத்து வந்துரும். ஒரு வரிசைக்குத்தான் நாலு ரெசிஸ்டர். அதையே எட்டு வரிசையும் மாத்தி மாத்தி வச்சுக்கும்.”

யோசித்துப் பாருங்கள். எட்டில் ஏழு பங்கு நேரம் ஒவ்வொரு விளக்கும் இருட்டாகவே இருக்கிறது. நானோ அது ஆடாமல் அசையாமல் எரிகிறது என்று கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொல்லியிருப்பேன். ஐம்பத்தோரு வருடம் நம்பிய கண் இது! இன்னும் என்னென்னவற்றை இப்படி முழுசாக எரிகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறேனோ...

அவள் பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டாள். கொடுப்பது ஐந்து வோல்ட். விளக்கு எடுத்துக்கொள்வது இரண்டு. மீதி மூன்று. கிட்டில் இருந்தது ஆயிரம் ஓம் ரெசிஸ்டர். ஆக, மூன்று மில்லி ஆம்பியர். அதுவும் எட்டில் ஒரு பங்கு நேரம்தான். மங்காமல் என்ன செய்யும்? நூற்றைம்பது ஓம் போட்டால் இருபது மில்லி ஆம்பியர் கிடைக்கும்.

“அம்பதே போட்டரலாமே? அறுபது வருமே?” எனக்குப் பேராசை.

“விளக்கை மாத்தி மாத்தி ஏத்தற சிப்பு அத்தனையத் தாங்காதுங்கண்ணா. அப்புறம், சுத்தறது எங்காச்சும் சிக்கி நின்னுபோச்சுன்னா? ஒரே வரிசைக்கு நிக்காம கரண்ட் போகும். விளக்குக் கருகிரும். இருபதுன்னா நின்னாலும் ஒண்ணும் ஆகாது.”

ஓடும்போது எவ்வளவு தாங்கும் என்று மட்டும்தான் நான் பார்த்தேன். நின்றுபோகிற நாளையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள் அவள். நான் பழையவற்றைக் கழற்றி, பழுப்பு-பச்சை-பழுப்புக் கோடு போட்ட புதிய நாலை வைத்தேன். பளிச்!

போன ஞாயிறு. மண்டபம் நிறையக் கூட்டம். மேகலா உள்ளங்கையை முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைப்பது கடைசி வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. ஆனால் வெளிச்சம் ஓட ஆரம்பித்ததும் விரலும் ஓட ஆரம்பித்தது. பிரியா கையை நீட்டினாள். முதல் வளையல் ஏறியது.

அப்போதுதான் மண்டபத்துக் கரண்ட் ஒரு நொடி துள்ளியது. ஃபேன் தயங்கிச் சுற்றியது. சிந்தசைசர் ஒரே ஸ்வரத்தில் ‘ஙொய்ய்ய்ங்’ என்று நின்றுவிட்டது.

ஐயோ! இவளுக்குக் கேட்காதே! இது தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தால்? நான் நாற்காலிகளை இடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் அவள் கை ஸ்விட்சில் இருந்தது. மற்ற விளக்கெல்லாம் அணைந்து, ஒரே ஒரு வரிசை மட்டும் முழு வெளிச்சத்தில் தகதகவென்று நின்றதைப் பார்த்திருக்கிறாள்.

அணைத்தாள். மூச்சை இழுத்துவிட்டு மறுபடி போட்டாள். முப்பத்திரண்டில் ஒன்றுகூடக் கருகவில்லை.

“மன்னிச்சுக்குங்க! மறுபடியும் மொதல்ல இருந்து வாரேனுங்க!” தன் குரல் எவ்வளவு பெரிதென்று தெரியாமல் மண்டபமே அதிரச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பிரியா ஏறிய வளையலைக் கழற்றிவிட்டு, மறுபடி முதலில் இருந்து கையை நீட்டினாள்.

இந்தத் தடவை கடைசி வளையல் வரை எதுவும் நிற்கவில்லை. நான் மேடை ஓரத்திலேயே நின்றேன். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை இல்லாமல் வேட்டி நுனிதான் உதவியது.

சாப்பாட்டுக்குப் போகும்போது ஓர் அம்மா மேகலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏஞ்சாமி, உனக்குத்தான் காதே கேக்காதுங்கறாங்களே... நல்லா இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

மேகலா இரண்டு தடவை சொல்லச் சொல்லி உதட்டைப் படித்தாள். பிறகு சிரித்தாள்.

“உங்க தலை ஆடுச்சுங்கம்மா. பாத்தேன்.”

நான் பார்க்கவில்லை. காது கேட்கிறவனாயிற்றே!